852ஆவது பெயர்

கடைசிப் பந்தியில் உட்காருபவருக்குப் பாயசம் மிச்சமிருக்காது என்பது ஊரறிந்த விஷயம். 2005 ஜூனில் மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளும் தொலைபேசி வழியே கூடி, அந்த ஆண்டின் புது ஆட்டக்காரர்களைப் பங்கிட்டுக்கொண்டன. மொத்தம் 50 சுற்றுகள். முதலில் படிக்கப்பட்ட பெயர் ஜஸ்டின் அப்டன். 17 வயதுப் பள்ளி மாணவரான அவரை அரிசோனா டயமண்ட்பேக்ஸ் எடுத்துக்கொண்டது. ரயன் சிம்மர்மன், ரயன் பிரான், ட்ராய் டுலோவிட்ஸ்கி, ஆண்ட்ரூ மெக்கட்சன் என்று பின்னாளில் பெரும்புள்ளிகளான பலர் முதல் சுற்றிலேயே போய்விட்டார்கள். 28ஆவது சுற்றில், எல்லோருக்கும் களைப்பு தட்டியிருக்கும் நேரத்தில், சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி படித்த பெயர் செர்ஹியோ ரோமோ. வரிசையில் 852ஆவது.

அத்தனை பின்னால் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீக் மைதானத்தை ஆட்டக்காரராக மிதிப்பதே இல்லை. கீழ்மட்ட லீக்குகளில் இரண்டு மூன்று கோடைகளைப் பேருந்துப் பயணங்களில் கழித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். ரோமோ 821 மேஜர் லீக் ஆட்டங்களில் பந்து வீசினார். மூன்று முறை உலகத் தொடரை வென்ற அணியில் இருந்தார். அதில் ஒரு தொடரின் கடைசிப் பந்து அவர் கையிலிருந்து போனது.

இதை 'விடாமுயற்சி வென்றது' என்ற கதையாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் நம் கேள்வி தப்பிப் போய்விடும். 2005இல் அவரிடம் என்னென்ன குறை கண்டார்களோ, அவற்றில் பெரும்பாலானவை ஓய்வு பெறும் நாள்வரை அவரிடம் இருந்தன. வேகம் கூடவில்லை. உயரம் கூடவில்லை. இடதுகை மட்டையாளர்களிடம் அவருக்கிருந்த சங்கடமும் தீரவில்லை. குறைகளை வைத்துக்கொண்டே ஒருவர் 15 பருவங்கள் நிலைத்தது எப்படி? ஒரு பந்துவீச்சாளரின் எதிர்காலத்தைக் கணிக்கும்போது நாம் அவருடைய கையை மட்டும் பார்த்தால் போதாது, அந்தக் கைக்கு என்ன வேலை கொடுக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

அளவுகோலில் விழாத கை

பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் மூன்று அவுட். மூன்று ஸ்டிரைக் விழுந்தால் மட்டையாளர் வெளியே. பந்து நான்கு முறை குறி தவறினால் அவருக்கு முதல் பேஸ் இனாம். அதற்கு 'வாக்' என்று பெயர். பந்து வீசுபவர் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்கி ஐந்தாறு இன்னிங்ஸ் தாக்குப்பிடிக்கும் பிட்சர் 'ஸ்டார்ட்டர்'. அவர் களைத்ததும் வருபவர்கள் 'ரிலீவர்கள்'. ஒன்பதாவது இன்னிங்ஸில் முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்துவைப்பவர் 'குளோசர்'. கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களுக்கென்று ஒரு பந்துவீச்சாளரை ஒதுக்கி வைப்பதுபோலத்தான். ஒரு வேறுபாடு: பேஸ்பாலில் வெளியே போன பிட்சர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது.

புது ஆட்களைத் தேடி அலையும் ஸ்கவுட்டுகள் 20 முதல் 80 வரை ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. பிட்சர் என்றால் முதலில் பார்ப்பது ஃபாஸ்ட்பாலின் வேகம், அடுத்து உடற்கட்டு. வேகத்தைச் சொல்லிக்கொடுத்து வரவழைப்பது கடினம், மற்றதைக் கற்றுக்கொடுக்கலாம் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. உயரமானவர்களிடம் வேகம் இனி வளரும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு.

ரோமோ ஆறடியைத் தொடாதவர், ஒல்லி. பிறந்தது 1983இல், கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்கில் உள்ள பிராலி என்ற விவசாய ஊரில். பெரிய பல்கலைக்கழக அணி எதிலும் அவர் ஆடவில்லை. ஆரஞ்சு கோஸ்ட் கல்லூரி, வட அலபாமா, கடைசியில் கொலராடோவின் மேசா ஸ்டேட் என்று கல்லூரி மாறி மாறி ஆடினார். ஃபாஸ்ட்பால் மணிக்கு 87 முதல் 89 மைல். அதாவது சுமார் 140 முதல் 143 கிலோமீட்டர். கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு 143 நல்ல வேகமாகத் தோன்றும். முழங்கையை மடக்கி எறியும் பேஸ்பாலில் அது சராசரிக்குக் கீழே. அந்தக் காலகட்டத்தில் மேஜர் லீக் சராசரி 91, 92 மைலைத் தொட்டுக்கொண்டிருந்தது; இன்று 94ஐத் தாண்டிவிட்டது.

ஆக 28ஆவது சுற்று என்ற மதிப்பீட்டை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. கல்லூரி முடித்த வயது, வளர இடமில்லாத உடல், சராசரிக்குக் குறைந்த வேகம். ஸ்டார்ட்டராக வருவாரா என்று கேட்டிருந்தால் வரமாட்டார் என்பதே சரியான விடை. அணிகள் தேடுவதோ ஸ்டார்ட்டர்களை. ரிலீவராக வேண்டும் என்று யாரும் வளர்க்கப்படுவதில்லை. ஸ்டார்ட்டராக முடியாதவர்கள் அங்கே வந்து சேர்கிறார்கள். ரோமோவும் 2005இல் ஆரெகன் மாநிலத்தின் சேலம்-கைசர் அணியிலும் 2006இல் அகஸ்டாவிலும் ஸ்டார்ட்டராகவும் வீசினார். 2007இல் சான் ஹோசேயில் புல்பென்னுக்கு, அதாவது ரிலீவர்கள் காத்திருக்கும் கொட்டகைக்கு, மாற்றப்பட்டார். அங்கே சுமார் 66 இன்னிங்ஸில் 106 பேரை ஸ்டிரைக்-அவுட் செய்தார். அடுத்த கோடையில் மேஜர் லீக்கில் இருந்தார். அப்போது வயது 25.

தோளிலிருந்து புறப்படும் பந்து

அவருடைய மூலதனம் ஒரே ஒரு பந்து. ஸ்லைடர்.

வலதுகை பிட்சரின் ஸ்லைடர், வலதுகை மட்டையாளரை விட்டு விலகிப் போகும். கிரிக்கெட்டின் லெக்-கட்டர் தரையில் பட்டுச் செய்வதை இது காற்றிலேயே செய்கிறது. எல்லா ஸ்லைடர்களும் ஒன்றல்ல. சிலவற்றில் பந்து துப்பாக்கி ரவைபோலத் தன் பயண திசையையே அச்சாகக் கொண்டு சுழலும்; அப்படிச் சுழல்வது பக்கவாட்டில் அதிகம் விலகாமல் கடைசியில் சற்றே சரியும். ரோமோவின் பந்தில் பக்கச் சுழற்சி அதிகம். காற்று அதை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். வேகம் மணிக்கு 77, 78 மைல்தான். ஆனால் அது ஹோம் பிளேட்டின் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்துக்கு அப்பால் போய் முடியும்.

கையின் கோணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரோமோ கையைத் தலைக்கு மேலே தூக்காமல், பக்கவாட்டில் தாழ்த்தி வீசினார். வலதுகை மட்டையாளருக்குப் பந்து தன் முதுகுப் பக்கத்திலிருந்து, இடது தோளை நோக்கி வருவதுபோலத் தெரியும். அடிபட்டுவிடுவோமோ என்று உடம்பு தானாகப் பின்வாங்கும். பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து மட்டையாளர் முன்னுள்ள பிளேட்டுக்கு 18.44 மீட்டர், ஃபாஸ்ட்பால் அதை அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் கடக்கிறது. அதற்குள், தன்மேல் வரும் பந்தா, விலகிப்போகும் பந்தா என்று தீர்மானிக்க வேண்டும். விலகும் என்று நம்பி எட்டிப் போனால், அதே கோணத்திலிருந்து புறப்பட்ட 88 மைல் ஃபாஸ்ட்பால் நேராக வந்து நிற்கும். ரோமோவின் ஃபாஸ்ட்பால் தனியாகப் பார்த்தால் சாதாரணம். ஸ்லைடரின் நிழலில் வரும்போது மட்டும் அதற்குக் கூர்மை வந்தது. வேகம் குறைந்தவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: மட்டையாளர் ரேடார் கருவியைப் பார்த்து ஆடுவதில்லை, தான் எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தோடு ஆடுகிறார்.

இரண்டாவது பலம் கட்டுப்பாடு. பெரிதாக வளையும் பந்தை வைத்திருப்பவர்கள் பொதுவாக அதைக் குறிக்குள் வைக்கத் தடுமாறுவார்கள். 2011 பருவத்தில் ரோமோ 48 இன்னிங்ஸ் வீசி, 70 பேரை ஸ்டிரைக்-அவுட் செய்து, ஐந்தே ஐந்து பேருக்குத்தான் வாக் கொடுத்தார். 48 இன்னிங்ஸ் என்றால் 144 அவுட். அதில் ஏறக்குறைய பாதி, பந்து களத்துக்குள்ளேயே போகாமல் வந்த அவுட்டுகள். ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்று கணக்கிடும் ஈ.ஆர்.ஏ. அந்த ஆண்டு 1.50. மூன்றுக்குக் கீழே இருந்தாலே சிறப்பு என்று கொள்ளப்படும் அளவு அது.

இடதுகை என்னும் ஓட்டை

இப்போது அதே பந்தை மைதானத்தின் மறுபக்கம் நின்று பார்ப்போம். இடதுகை மட்டையாளருக்கு ரோமோவின் கை மறைவே இல்லாமல் திறந்து தெரிகிறது. பந்து முதுகுப் பக்கத்திலிருந்து வருவதில்லை. முன்னால், பார்வை முழுதும் விழும் இடத்திலிருந்து வருகிறது. அது வளைவதும் அவரை விட்டு விலகி அல்ல, அவருடைய மட்டையை நோக்கி. வலதுகையாளரைத் திணறடிக்கும் அதே வளைவு, இடதுகையாளருக்குத் தட்டில் வைத்து நீட்டியதுபோல ஆகிவிடுகிறது. இது ரோமோவுக்கு மட்டும் வந்த நோயல்ல. தாழ்ந்த கோணத்தில் வீசி, பக்கவாட்டு வளைவை நம்பும் எல்லோருக்கும் இந்த ஓட்டை உண்டு. இடதுகையாளரை விட்டு விலகும் ஒரு 'சேஞ்ச்-அப்' மெதுபந்து கையிலிருந்தால் ஓட்டையை அடைக்கலாம். ரோமோவிடம் சேஞ்ச்-அப் இருந்தது. ஸ்லைடருக்குச் சமமாக அது ஒருநாளும் வளரவில்லை.

எதிரணி மேனேஜர்களுக்கு இது தெரியாதா? 2010 அக்டோபர் 10, அட்லாண்டாவின் டர்னர் ஃபீல்டு. பிரேவ்ஸுடனான முதல்நிலைப் பிளேஆஃப் தொடரின் மூன்றாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் ஜயன்ட்ஸ் 1-0 என்று முன்னிலை. இடதுகை ஸ்டார்ட்டர் ஜானத்தன் சாஞ்செஸ் 11 ஸ்டிரைக்-அவுட்டுகளோடு அருமையாக வீசிக்கொண்டிருந்தார். ஒரு பிரேவ்ஸ் ஆட்டக்காரர் பேஸில் நிற்க, அட்லாண்டா மேனேஜர் பாபி காக்ஸ் வலதுகை மட்டையாளர் ட்ராய் க்ளாஸை மாற்று ஆளாக அறிவித்தார். ஜயன்ட்ஸ் மேனேஜர் புரூஸ் போச்சி உடனே சாஞ்செஸை எடுத்துவிட்டு ரோமோவை அழைத்தார். வலதுகைக்கு வலதுகை, கணக்கு சரிதான். காக்ஸ் அதற்காகவே காத்திருந்தவர்போல க்ளாஸைத் திரும்ப அழைத்துக்கொண்டு எரிக் ஹின்ஸ்கியை அனுப்பினார். ஹின்ஸ்கி இடதுகை. ரோமோவின் பந்தை அவர் வலதுபக்க எல்லைக்கு வெளியே தூக்கி அடித்தார். இரண்டு ரன், 2-1.

ஒன்பதாவது இன்னிங்ஸில் பிரேவ்ஸ் ஆட்டக்காரர்களின் தடுமாற்றத்தால் ஜயன்ட்ஸ் 3-2 என்று மீண்டது. அந்த ஆண்டு கோப்பையையும் வென்றது. அதனால் ஹின்ஸ்கியின் அடி வரலாற்றில் அடிக்குறிப்பாகிவிட்டது. நம் ஆய்வுக்கு அது முக்கியமான சான்று. ரோமோ அன்று புதிதாக எந்தத் தவறும் செய்துவிடவில்லை. அவரிடம் ஏற்கெனவே இருந்த ஓட்டைக்கு நேராக எதிரணி ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியது, அவ்வளவுதான்.

மற்ற இரண்டு குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று, வேகமில்லாதவருக்குப் பிழைக்கு இடமில்லை. 97 மைல் வீசுபவர் குறி தவறி நடுவில் போட்டாலும் மட்டையாளர் தாமதிக்கக்கூடும். 78 மைல் ஸ்லைடர் வளையாமல் நடுவில் நின்றால் பந்தைத் தேடிக் கூட்டத்துக்குள்தான் போக வேண்டும். இரண்டு, ஒரே பந்தை நம்பும் கைக்கு உழைப்பின் பாரம் அதிகம். முழங்கையும் முழங்காலும் அவரை அவ்வப்போது உட்காரவைத்தன.

ஆள் பார்த்து அனுப்பியவர்

போச்சியின் புல்பென்னில் நான்கு பேர் நெடுங்காலம் சேர்ந்து இருந்தார்கள். இடதுகை ஜெரமி அஃபெல்ட், தாழ்ந்த கோணத்தில் வீசும் இடதுகை ஹாவியர் லோபெஸ், வேகத்தை நம்பிய வலதுகை சந்தியாகோ கசியா, பிறகு ரோமோ. 2010, 2012, 2014 என்று மூன்று கோப்பைகளிலும் இந்த நால்வரும் இருந்தார்கள். லோபெஸ் இடதுகையாளரை மட்டும் பார்த்துக்கொள்வார், ரோமோ வலதுகையாளரை. ஒருவருடைய ஓட்டைக்கு மற்றவர் கதவு. தனித்தனியே எடுத்துப் பார்த்தால் லோபெஸும் ரோமோவும் அரைப் பிட்சர்கள் என்று சொல்லிவிடலாம். சேர்த்து வைத்தால் ஒரு இன்னிங்ஸுக்கு அவர்களைவிட நம்பகமானவர்கள் அன்று அதிகம் பேர் இல்லை.

இதை எண்ணிக்கையில் பார்க்க முயன்றேன். 2011இல் ரோமோ 65 ஆட்டங்களில் 144 அவுட் எடுத்தார்; ஆட்டத்துக்கு 2.2. அடுத்த ஆண்டு 69 ஆட்டங்களில் 166, ஆட்டத்துக்கு 2.4. முழு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்றால், பல நாள்களில் அவர் வந்து ஒருவரையோ இருவரையோ முடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பொருள். ஈ.ஆர்.ஏ. 1.50, 1.79. முழுநேரக் குளோசராகிய 2013இல் ஆட்டத்துக்கு 2.8 அவுட், ஈ.ஆர்.ஏ. 2.54. அடுத்த ஆண்டு 2.7, ஈ.ஆர்.ஏ. 3.72. வேலை நீண்டபோது கூர் மழுங்கியது என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் 2010இலும் ஆட்டத்துக்கு 2.7 அவுட் எடுத்து ஈ.ஆர்.ஏ.வை 2.18இல் வைத்திருந்தார். தவிர, ரிலீவரின் ஒரு பருவம் 60 இன்னிங்ஸ்தான். நான்கு மோசமான இரவுகள் போதும், எண் தலைகீழாகிவிடும். ஆகவே எத்தனை அவுட் என்பதைவிட யாரை எதிர்கொண்டார் என்பதே கேள்வி. ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் யாரைச் சந்திப்பது என்று மேனேஜர் தேர்ந்தெடுக்கலாம். ஒன்பதாவது இன்னிங்ஸ் குளோசருக்கு அந்தச் சலுகை இல்லை. வரிசையில் யார் வந்தாலும் அவர்தான் எதிர்கொள்ள வேண்டும்.

2012 ஏப்ரலில் ஜயன்ட்ஸின் குளோசர் பிரையன் வில்சன் முழங்கைக் காயத்தால் அந்தப் பருவத்தையே இழந்தார். கசியா கொஞ்ச காலம் அந்த இடத்தில் நின்றார். பிறகு ஆளுக்கு ஏற்றபடி பலர். அக்டோபர் நெருங்கியபோது பொறுப்பு ரோமோவிடம் வந்து சேர்ந்தது.

அக்டோபர் 11, சின்சினாட்டி. ரெட்ஸுடனான தொடரின் கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜயன்ட்ஸ் 6-4 முன்னிலை; பேஸ்களில் இருவர்; ஒருவர்தான் அவுட். மட்டையோடு வந்தவர் ஜே புரூஸ். இடதுகை. அந்தப் பருவத்தில் 34 ஹோம்ரன், அதாவது எல்லைக்கு வெளியே போன அடிகள். ஒரு ஹோம்ரன் அடித்தால் 7-6, ஜயன்ட்ஸ் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஹின்ஸ்கியின் நிலைமை அச்சு அசலாகத் திரும்பி வந்திருக்கிறது. இம்முறை போச்சி வேறு யாரையும் அழைக்கவில்லை. ரோமோ வீசினார், புரூஸ் அதைத் தட்டிவிட்டார். மறுபடியும் வீசினார், மறுபடியும் தட்டல். எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்துகள் சிதறிக்கொண்டே இருந்தன. பன்னிரண்டாவது பந்தை புரூஸ் உயர அடித்தார். அது இடதுபக்கக் களத்தடுப்பாளரின் கையுறையில் இறங்கியது. அடுத்து வலதுகை ஸ்காட் ரோலன். ஸ்டிரைக்-அவுட். ஆட்டம் முடிந்தது.

புரூஸை ரோமோ வென்றார் என்பதைவிட, பன்னிரண்டு பந்துக்குத் தோற்காமல் தாக்குப்பிடித்தார் என்பதே பொருத்தம். ஓட்டை அடைபடவில்லை. அதன் வாயிலில் நின்று காவல் காக்கும் அளவுக்குக் கட்டுப்பாடு கைவந்திருந்தது.

அக்டோபர் 28, டெட்ராய்ட். உலகத் தொடரின் நான்காவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், ஜயன்ட்ஸ் 4-3. முதல் இருவரும் ஸ்டிரைக்-அவுட். மூன்றாவது மிகேல் கப்ரேரா: 1967க்குப் பின் 45 ஆண்டுகளாக யாரும் எட்டாத முக்கிரீடத்தை, அதாவது பேட்டிங் சராசரி, ஹோம்ரன், அடித்துச் சேர்த்த ரன் மூன்றிலும் முதலிடத்தை, அந்தப் பருவத்தில் பெற்ற வலதுகை மட்டையாளர். ரோமோ ஸ்லைடராக வீசிக்கொண்டே இருந்தார். கடைசிப் பந்தும் ஸ்லைடர் என்றுதான் மைதானமே நினைத்தது. வந்தது 89 மைல் ஃபாஸ்ட்பால், பிளேட்டின் நட்டநடுவில். கப்ரேரா மட்டையை அசைக்கவே இல்லை. 2005இல் எந்த வேகத்தைப் பார்த்து ஸ்கவுட்டுகள் உதட்டைப் பிதுக்கினார்களோ, அதே வேகத்தில் வந்த பந்து அது.

ஒன்பதாவது இன்னிங்ஸின் விலை

வெற்றி ஊர்வலத்துக்கு ரோமோ, 'நான் சட்டவிரோதமாகக் குடியேறியவன்போலத் தெரிகிறேன், அவ்வளவுதான்' என்ற பொருளில் வாசகம் எழுதிய சட்டையணிந்து வந்தார். எல்லைப்புற மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளையின் குறும்பும் கோபமும் அதில் சேர்ந்தே இருந்தன. 2013இல் 38 ஆட்டங்களை முடித்துக்கொடுத்து நட்சத்திர ஆட்டத்துக்கும் தேர்வானார். முன்னிலையோடு ஆட்டத்தை முடித்துவைப்பதற்கு 'சேவ்' என்று பெயர். சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் வகுத்த இந்தக் கணக்கு 1969இல் அதிகாரபூர்வமானது. அது வந்தபின் குளோசர் பதவிக்குப் பெயரும் சம்பளமும் ஏறின.

மேனேஜர்களின் கையை அதே கணக்கு கட்டிப்போடவும் செய்தது. எட்டாவது இன்னிங்ஸில் மூன்று பேஸும் நிரம்பி, எதிரணியின் சிறந்த வலதுகையாளர் நிற்கிறார்; ரோமோவைப் போன்ற ஒருவர் தேவைப்படும் தருணம் அதுதான். ஆனால் குளோசர் என்று பட்டம் கட்டிவிட்டால் அவரை ஒன்பதாவதுக்காகப் பொத்திவைக்க வேண்டியிருக்கிறது. 2014 நடுவில் ரோமோ அந்தப் பொறுப்பை இழந்தார்; கசியா குளோசரானார். செய்தித்தாள்களில் அது இறக்கம். என் கணிப்பில், தவறான வேலையிலிருந்து பொருத்தமான வேலைக்குத் திரும்பியது. அந்த ஆண்டின் கோப்பைக்கும் அவர் எட்டாவது இன்னிங்ஸ் ஆளாகப் பங்களித்தார்.

முதல் இன்னிங்ஸில் ஒரு ரிலீவர்

2017இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 6.12. வயது 34; கதை முடிந்தது என்று தோன்றியது. பருவத்தின் நடுவில் டாம்பா பே ரேஸ் அணிக்குப் போனார், அங்கே 1.47. அதே கை, அதே கோடை. சிறு எண்ணிக்கைகளை நம்பி ஒருவருக்குத் தீர்ப்பெழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ரேஸ் பணம் குறைந்த அணி, யோசனைகளில் தாராளம். 2018 மே 19 அன்று அனஹைமில் ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக ரோமோவை முதல் இன்னிங்ஸில் இறக்கியது. பத்து ஆண்டுகளில் ஒரு மேஜர் லீக் ஆட்டத்தைக்கூடத் தொடங்கிவைக்காதவர். காரணம் எளிது. எந்த அணியும் தன் சிறந்த மட்டையாளர்களை வரிசையின் முதல் இடங்களில் நிறுத்தும். முதல் இன்னிங்ஸில் அவர்கள் வருவது உறுதி. ஏஞ்சல்ஸின் முதல் மூவரும் வலதுகை. அப்படியானால் வலதுகையாளரின் எமனை அங்கேயே அனுப்பிவிட்டு, நீண்டநேரம் வீச வேண்டிய இடதுகை ரயன் யார்ப்ரோவை இரண்டாவது இன்னிங்ஸில் கொண்டுவரலாம். இதற்கு 'ஓப்பனர்' என்று பெயர் வந்தது. பேஸ்பால் இது இல்லை என்று எதிரணியில் முணுமுணுப்பும் எழுந்தது.

ரோமோ எதிர்கொண்ட மூவர் ஸாக் கோசார்ட், மைக் ட்ரௌட், ஜஸ்டின் அப்டன். மூவரும் ஸ்டிரைக்-அவுட். மூன்றாவது பெயரை வாசகர் மறந்திருக்க மாட்டார். 2005 ஜூனில் முதலில் படிக்கப்பட்ட பெயர் அது.

மறுநாளும் ரோமோவே தொடங்கினார். அந்தப் பருவத்தில் ஐந்து ஆட்டங்களைத் தொடங்கிவைத்தார், 25 ஆட்டங்களை முடித்தும் வைத்தார். ஹின்ஸ்கியை வைத்து பாபி காக்ஸ் ஆடிய சதுரங்கத்தை ரேஸ் தலைகீழாக ஆடியது. எதிரணியின் வரிசை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்ட ஒரே தருணம் ஆட்டத்தின் தொடக்கம்தான்.

இன்று ஒரு ரோமோ வந்தால்

அதன் பிறகு ரோமோவுக்கு மின்னசோட்டா, ஓக்லண்ட் என்று அணிகள் மாறின. 2023 மார்ச் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில், பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்றில் ஜயன்ட்ஸ் சட்டையோடு கடைசியாக மேட்டில் ஏறி விடைபெற்றார். கணக்கு: 137 சேவ், 3.21 ஈ.ஆர்.ஏ.

இதே பலங்களும் குறைகளும் கொண்ட இளைஞர் ஒருவர் இன்று வந்தால் அவர் எதிர்காலம் எப்படியிருக்கும்? ஒரு பக்கம் நல்ல செய்தி. 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் அளவீட்டுக் கருவிகள் வந்துவிட்டன. பந்தின் சுழற்சியும் விலகலும் அங்குலக் கணக்கில் தெரிகின்றன. பக்கவாட்டில் அகலமாக விலகும் ஸ்லைடருக்கு 'ஸ்வீப்பர்' என்று தனிப்பெயரே 2023இல் அந்தப் புள்ளிவிவரத்தில் ஏறிவிட்டது. ரோமோ கண்ணாலும் கையாலும் கண்டுபிடித்ததை இன்று ஆய்வுக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேகத்தைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது என்ற பழைய நம்பிக்கையும் பயிற்சிக்கூடங்களில் ஆட்டம் கண்டிருக்கிறது. 88 மைல் இளைஞரை 92க்குக் கொண்டுவர இன்று வழி தேடுவார்கள்.

மறுபக்கம் ஆட்டத்தின் விதி மாறியிருக்கிறது. 2020 முதல், மேட்டில் ஏறும் பிட்சர் குறைந்தது மூன்று மட்டையாளர்களைச் சந்திக்க வேண்டும், இல்லையேல் அந்த இன்னிங்ஸ் முடியும்வரை நிற்க வேண்டும். ஒரே ஒரு வலதுகையாளருக்காக ரோமோவை அழைத்து, அடுத்த இடதுகையாளருக்கு லோபெஸைக் கொண்டுவரும் போச்சியின் வித்தைக்கு இன்று இடம் குறைவு. அரைப் பிட்சர்களின் காலம் அதோடு சுருங்கிவிட்டது. சேஞ்ச்-அப் இல்லாத ஸ்லைடர்காரர் ஹின்ஸ்கிகளைத் தவிர்க்க முடியாது.

அதைவிடப் பெரிய மாற்றம் வாசலில் நடந்திருக்கிறது. 50 சுற்றுகள் 2012இல் 40 ஆயின. பெருந்தொற்று ஆண்டான 2020இல் வெறும் ஐந்து. 2021 முதல் 20. அணிகளோடு இணைந்த கீழ்மட்ட அணிகளையும் அதே 2021இல் 120ஆகக் குறைத்தார்கள். ரோமோ முதன்முதலில் வீசிய சேலம்-கைசர், கழித்துக்கட்டப்பட்டவற்றில் ஒன்று. சுற்றில் எடுக்கப்படாதவர்களும் அணிகளில் சேரலாம் என்பது உண்மை; ஆனால் இடங்கள் குறைந்தபோது காத்திருக்கும் பொறுமையும் குறையும். 17ஆவது சுற்றில் வந்த டேவிட் ராபர்ட்சனும் 19ஆவதில் வந்த ஜாஷ் ஹேடரும் இன்றைய கணக்கிலும் உள்ளே வந்துவிடுவார்கள். 44ஆவது சுற்றில் தேர்வாகி 300 ஆட்டங்களை முடித்துக்கொடுத்த ஜேசன் இஸ்ரிங்ஹாசனுக்கும், 28ஆவதில் வந்த ரோமோவுக்கும் அந்தக் கதவே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. வென்றவர்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, பின்சுற்றுகளில் ரத்தினங்கள் கொட்டிக் கிடந்தன என்று வாதிடுவது சரியல்ல. ஒரு ரோமோவுக்குப் பின்னால் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அணிகளின் சிக்கன வாதம் முற்றிலும் பொய்யில்லை. ஆனால் முதல் சுற்று ஆளையும் 28ஆவது சுற்று ஆளையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்த்ததில்தான் பிழை. முன்சுற்றில் எல்லாவற்றையும் ஓரளவு செய்பவரைத் தேடுகிறார்கள், அது நியாயம். பின்சுற்றில் தேட வேண்டியது ஒரே ஒரு காரியத்தை யாராலும் முடியாத அளவுக்குச் செய்பவரை. அப்படிப்பட்டவரின் குறைகளைப் பட்டியலிடுவது சுலபம். பட்டியல் சரியாகவும் இருக்கும். அந்தக் குறைகள் எதிரே வராத ஒரு மூலையை அணி அவருக்குக் கண்டுபிடித்துத் தருமா என்பதில் அவர் எதிர்காலம் நிற்கிறது.

2018இல் ரோமோ வீழ்த்திய அப்டனுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. ஒன்றாம் எண்ணில் எடுத்தவரை, எந்த இடமானாலும், அணி விளையாடவைத்துப் பார்க்கும். 852ஆம் எண்ணுக்கு இடத்தை யாராவது செதுக்கித்தர வேண்டும். போச்சி செதுக்கினார், பிறகு ரேஸ் செதுக்கியது. இன்று அந்த எண்ணைப் படிக்கும்வரை பட்டியலே நீள்வதில்லை. 600ஐத் தாண்டியதும் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள்.